தோல் கைவேலை: கேள்வி நேரம்

கார்டு ஹோல்டர், சாவிக்கொத்து, பெல்ட் என்று சின்னப் பொருள்களில் தோல்வேலை பழகுகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: வீட்டிலேயே தோல் பொருள் செய்து பழக ஆசைப்பட்டு சென்னை பெரியமேட்டில் ஒரு கடைக்குப் போனேன். "என்ன தோல், எத்தனை மில்லி?" என்றார்கள். பதில் தெரியாமல் திரும்பிவிட்டேன். என்ன சொல்லிக் கேட்பது?
— வாசகி, தாம்பரம்

ப: அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: "வெஜிடபிள் டேன், மாட்டுத்தோல், சாயம் போடாதது, 1.2 மில்லி, முதுகு அல்லது தோள் பக்கத் துண்டு." இதைச் சொன்னாலே கடைக்காரர் உங்களுக்கு வேண்டியதை எடுத்துப் போட்டுவிடுவார்.

மில்லி என்பது கனம். கார்டு ஹோல்டருக்கு 1 முதல் 1.2 மி.மீ., சாவிக்கொத்துக்கு 2 மி.மீ., பெல்ட்டுக்கு 3.5 மி.மீ. போதும். வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் கணக்கு வரும். ஒரு அவுன்ஸ் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் 3 அவுன்ஸ் என்றால் உங்களுக்கு 1.2.

கனத்தைவிட முக்கியம், தோலை எதில் பதனிட்டார்கள் என்பது. ஷூவின் மேல்தோல், சோபா, கைப்பை என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. மென்மையாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும். ஆனால் ஓரத்தைத் தேய்த்தால் மெருகு ஏறாது, அழுத்தினால் தடம் நிற்காது. வெஜ் டேன் என்பது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. விறைப்பாக இருக்கும், நனைத்து வளைத்தால் வளைத்தபடி நிற்கும், ஓரம் கண்ணாடிபோல் மின்னும். ஆரம்பப் பாடங்கள் எல்லாமே இந்தத் தோலை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. தெரியாமல் குரோம் தோலை வாங்கிவிட்டு "எனக்குக் கை வரவில்லை" என்று எழுதுகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம்.

கடையிலேயே சோதிக்கலாம். வெட்டு ஓரத்தைப் பாருங்கள்: சாயம் போடாத குரோம் தோலின் ஓரம் நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும்; வெஜ் டேன் இளம் பழுப்பு. சாயம் போட்ட தோலாக இருந்தால் ஓர் ஓரத்தை லேசாக நனைத்து நகத்தால் கீறுங்கள். தடம் அப்படியே நின்றால் வெஜ் டேன். எழும்பி மறைந்தால் குரோம்.

பிறகு, மேல்பக்கம் உட்புறமாக வரும்படி மடித்துப் பாருங்கள். பெரிய, தளர்ந்த சுருக்கம் விழுந்தால் அது வயிற்றுப் பகுதி. இழுத்தால் நீளும். விலை குறைவுதான், பழக்கத் துண்டாக வைத்துக்கொள்ளலாம். பொருள் செய்ய வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒன்றும் உண்டு. ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக இ.ஐ. தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் பட்டைச் சாற்றில் பதனிட்டு, கடுக்காயில் முடிக்கும் தோல் இது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, பின்னால் வாட்டில் என்ற மரத்தின் பட்டை. புவிசார் குறியீடும் பெற்றது. இதில் ஆட்டுத்தோல் மெல்லியதாக, இறுக்கமான மேல்பரப்போடு கிடைக்கும். பர்ஸின் உள்பைகளுக்கு அருமையான தோல்.

கே: இணையத்தில் 50 சாமான்கள் அடங்கிய கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், ஓசூர்

ப: வேண்டாம். அதில் பாதி, தோலில் பூ வேலை செய்வதற்கான முத்திரை அச்சுகள். மீதியில் கத்தி வெட்டாது. கீழே உள்ளவற்றைத் தனித்தனியாக வாங்குங்கள்.

வெட்ட: பிளேடு ஒடித்து மாற்றும் 18 மி.மீ. கட்டர், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட். ஸ்கேலின் அடியில் இரண்டு வரிசை மாஸ்கிங் டேப் ஒட்டினால் வழுக்காது.

தைக்க: கடைகளில் டைமண்ட் சிசல் என்று விற்கும் பல் உளி, 4 மி.மீ. இடைவெளியில் 2 பல் ஒன்று, 6 பல் ஒன்று. நைலான் சுத்தியல். மொன்னை முனை ஊசி 4ஆம் எண்ணில் இரண்டு. மெழுகு பூசிய 0.6 மி.மீ. பாலியஸ்டர் நூல் ஒரு உருண்டை. தையற்காரர் ஊசி உதவாது. கூர்முனை நூலையே குத்திப் பிளந்துவிடும்.

கோடு போட டிவைடர் வேண்டும். பள்ளி ஜியோமெட்ரி பாக்ஸில் இருப்பதே போதும், திருகு இறுக்கமாக இருந்தால் சரி.

ஓரத்துக்கு: விளிம்பின் கூர்மையைச் சீவும் எட்ஜ் பெவலர் 1ஆம் எண், 220, 400, 600 எண் உப்புத்தாள், தேன்மெழுகு, ஒரு துண்டு கெட்டி ஜீன்ஸ் துணி. காடி வெட்டிய மரக்கட்டை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஜீன்ஸ் துணி அந்த வேலையைச் செய்யும்.

ஒட்ட: ஃபெவிகால் எஸ்ஆர் வகைப் பசை, அல்லது செருப்புக் கடைகளில் கிடைக்கும் சொல்யூஷன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. நூல் முனையை லைட்டரால் சுடும் இடத்திலிருந்து டப்பாவை மூடித் தள்ளி வையுங்கள்.

காசு மிஞ்சினால் அதை உளியில் போடுங்கள். மட்டமான உளியின் பற்கள் தடிமனாக இருக்கும். துளை பெரிதாகி, நூல் அதற்குள் தொளதொளவென்று கிடக்கும். கத்திக்கு அதிகம் செலவழிக்க அவசியமில்லை, ஆனால் பிளேடை அடிக்கடி ஒடிக்க மனம் வர வேண்டும்.

கே: முதல் பொருளாகக் கார்டு ஹோல்டர் செய்யலாம் என்கிறார்கள். அளவும் செய்முறையும் வரிசையாகச் சொல்ல முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர். இதே கேள்வி ஆம்பூர், புதுச்சேரியிலிருந்தும்

ப: வங்கி அட்டைகள் எல்லாம் ஒரே சர்வதேச அளவு: 85.6 மி.மீ. அகலம், 54 மி.மீ. உயரம், 0.76 மி.மீ. கனம். அதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

மூன்று துண்டு வேண்டும். நடுத்துண்டு 100 × 70 மி.மீ. ஒன்று, முன்னும் பின்னும் பையாக வரும் துண்டுகள் 100 × 50 மி.மீ. இரண்டு. மொத்தம் 170 சதுர செ.மீ. ஒரு சதுர அடி என்பது 929 சதுர செ.மீ.; ஆகவே ஒரு அடித் தோலில் வெட்டுச் சேதம் போக நான்கு செய்துவிடலாம். முதல் இரண்டு கோணலாக வந்தாலும் கவலை இல்லை.

100 மி.மீ. ஏன்? இரு பக்கமும் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தையல் போகும். பசை 4 மி.மீ. வரை பிடிக்கும். மீதி 92. அட்டை 85.6. இந்த 6 மி.மீ. சொச்சம் இரண்டு அட்டைகள் புகுவதற்கான இடம். இறுக்கமாக இருக்குமோ என்று பயந்து 105 வைத்தால் ஆறே மாதத்தில் அட்டை தானாக நழுவி விழும். தோல் புழக்கத்தில் இளகும், சுருங்காது.

முதலில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மாதிரி வெட்டி, உங்கள் அட்டையை வைத்துப் பாருங்கள். பிறகு தோலின் மேல்பக்கத்தில் மாதிரியை வைத்து குத்தூசியால் கோடு கீறுங்கள். பேனா வேண்டாம், மை ஊறினால் போகாது. பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் 1 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயலாதீர்கள். மூன்று லேசான இழுப்பு. பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். பிளேடு சாய்ந்தால் ஓரமும் சாயும், பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் அது நேராகாது.

இப்போது பலரும் தவறவிடும் இடம். பைத்துண்டுகளின் மேல் ஓரத்தையும் நடுத்துண்டின் மேல் ஓரத்தையும் ஒட்டுவதற்கு முன்பே மெருகேற்றி முடித்துவிடுங்கள். ஒட்டிய பின் பை ஓரத்துக்குள் உப்புத்தாளும் போகாது, துணியும் போகாது.

அடுத்து, நடுத்துண்டின் வழவழப்பான மேல்பக்கத்தில், பசை படவேண்டிய 4 மி.மீ. பட்டையை 220 உப்புத்தாளால் சுரசுரப்பாக்குங்கள். மேல்பக்கத்தில் பசை அப்படியே பிடிக்காது, இரண்டு நாளில் உரிந்து வரும். பை வாயின் மட்டத்துக்குக் கீழே மட்டும் சுரண்டுங்கள். மேலே போனால் அந்தத் தழும்பு கடைசிவரை தெரியும்.

பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் பட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகலாம். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நகர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த பின் வைத்தால் வைத்ததுதான், எடுத்து மாற்ற முடியாது. ஆகவே அடி மூலையைப் பொருத்தி அங்கிருந்து மெல்லப் படியவிட்டு, நைலான் சுத்தியலால் தட்டுங்கள்.

ஒட்டியதும் மூன்று அடுக்கையும் சேர்த்து அந்தக் கூடுதல் 1 மி.மீ.யை வெட்டி எறியுங்கள். ஓரத்தை 220இல் தேய்த்துச் சமமாக்குங்கள். அதற்குப் பிறகே டிவைடரால் 3 மி.மீ. கோடு. ஓரம் சமமில்லாமல் கோடு போட்டால் கோடும் நெளியும், தையலும் நெளியும்.

துளையிட ஆரம்பிக்கும் இடம் பை வாய். ஒரு துளை பை ஓரத்துக்கு மேலே, நடுத்துண்டில் மட்டும் விழ வேண்டும், அடுத்தது பைக்குள். அப்போதுதான் ஒரு தையல் ஓரத்தின் மேலேறி அதைக் கட்டிப்பிடிக்கும். அட்டையைச் செருகி உருவும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது அந்த இடம்தான். 6 பல் உளியை நகர்த்தும்போது, முன்பு குத்திய கடைசித் துளையில் முதல் பல்லை வைத்துப் போனால் இடைவெளி மாறாது. மூலை நெருங்கும்போது ஏழெட்டுத் துளைக்கு முன்பே நிறுத்தி, உளியை வெறுமனே அழுத்தித் தடம் பாருங்கள். மூலையில் சரியாக விழாது என்று தெரிந்தால் 2 பல் உளியால் ஒவ்வொரு துளையிலும் ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒரே துளையில் சரிக்கட்டினால் பளிச்சென்று தெரியும்.

தையல் நீளம் மூன்று பக்கமும் சேர்த்து சுமார் 19 செ.மீ., தையல் 47 அளவில் வரும். நூல் அதற்கு நான்கு மடங்கு, ஊசியில் பிடிக்க மேலும் 30 செ.மீ.: ஒரு மீட்டரும் கொஞ்சமும் வெட்டுங்கள். பாதி வழியில் நூல் தீர்ந்துபோவதைவிட ஒரு சாண் வீணாவது மேல்.

கே: இரண்டு ஊசித் தையலில் முன்பக்கம் அழகாகச் சாய்ந்து விழுகிறது. பின்பக்கம் கோணல்மாணலாக இருக்கிறது. பயிற்சி போதவில்லையா?
— வாசகி, திருநெல்வேலி

ப: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியைச் செலுத்துவதுதான் இரண்டு ஊசித் தையல். பயிற்சிக் குறை என்று விட்டுவிட முடியாது. காரணங்களைப் பிரித்துப் பாருங்கள்.

பின்பக்கத் துளை வரிசையே வளைந்திருக்கிறதா? அப்படியென்றால் குற்றம் தையலில் இல்லை, உளி சாய்ந்திருக்கிறது. உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் உளி, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். எதிரே ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்து அதோடு ஒப்பிட்டு அடியுங்கள். ஒரே அடியில் இறக்கப் பார்க்காமல் முதல் தட்டில் நிலைநிறுத்தி, நிமிர்வு பார்த்து, பிறகு அடியுங்கள்.

துளை வரிசை நேராக இருந்து தையல் மட்டும் கோணலென்றால், ஊசி வரிசை மாறுகிறது. எந்தப் பக்கத்து ஊசி முதலில் போகிறதோ அதுவே கடைசிவரை முதலில் போக வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கமாகப் போனதோ அதே பக்கமாகத்தான் எல்லாத் துளையிலும் போக வேண்டும். ஒரு துளையில் மாறினாலும் அந்த ஒரு தையல் படுத்துவிடும். இரண்டாவது ஊசியைச் செலுத்தும்போது முதல் நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருங்கள். நூலை ஊசி குத்தியிருந்தால் இழுப்பு அங்கேயே நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் பின்பக்கச் சாய்வு குறைவாகத் தெரிகிறதா? அது இயல்பு. வைர வடிவத் துளை முன்பக்கம் ஒரு திசையில் சாய்ந்தால் பின்பக்கம் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு: இரண்டாவது ஊசி துளையிலிருந்து பாதி வெளியே வந்ததும் முதல் நூலை அந்த ஊசியின் மேல் ஒருமுறை சுற்றிப் போட்டு, பிறகு இரண்டு பக்கமும் இழுங்கள். துளைக்குள் ஒரு அரை முடிச்சு விழும். பின்பக்கமும் சாயும். இதற்கு நூலும் நேரமும் கொஞ்சம் கூடுதலாகும்.

முடிக்கும்போது மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரின் நீலப் பகுதியால் சுட்டு அழுத்துங்கள். மஞ்சள் சுவாலை கரியைப் பூசிவிடும்.

கே: செருப்புத் தைப்பவர் கொக்கி ஊசியால் படபடவென்று தைத்துவிடுகிறார். நாம் ஏன் இரண்டு ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டும்?
— வாசகர், சேலம்

ப: கொக்கி ஊசி ஒரு நூலைக் கண்ணியாக இழுத்துக் கொடுக்கும், அதற்குள் இன்னொரு நூல் போகும். தையல் மெஷின் போடுவதும் ஏறக்குறைய அதுதான். ஒரு நூல் அறுந்தால் கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். இரண்டு ஊசித் தையலில் ஒவ்வொரு துளையையும் இரண்டு நூலும் முழுதாகக் கடக்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும்.

கனமான அடித்தோலில், ஒரு பக்கம் கை நுழையாத இடத்தில், கொக்கி ஊசிதான் சரி. அவர் கையில் இருக்கும் வேகம் பல வருட உழைப்பில் வந்தது. பர்ஸ், பெல்ட் போன்றவற்றில் அந்த அவசரம் நமக்கு இல்லை.

கே: ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை. பஞ்சுபோல நார் எழும்புகிறது.
— வாசகர், வாணியம்பாடி

ப: உங்கள் ஊரை வைத்து முதல் சந்தேகம்: கையில் இருப்பது குரோம் தோலாக இருக்கலாம். ஷூ தயாரிப்பில் மிஞ்சிய துண்டுகள் உங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும், அவை பெரும்பாலும் குரோம்தான். முதல் பதிலில் சொன்ன நகச் சோதனையைச் செய்யுங்கள். குரோம் என்றால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஓரத்துக்கென்று விற்கும் எட்ஜ் பெயின்ட்டைப் பூசுங்கள்: மெல்லிய பூச்சு, காய்ந்ததும் 400 உப்புத்தாள், மறுபடி பூச்சு, இப்படி மூன்று முறை. அல்லது ஓரத்தை 0.5 மி.மீ. வரை சீவி மெல்லியதாக்கி, உள்ளே மடித்து ஒட்டித் தையுங்கள்.

வெஜ் டேன்தான் என்றால், நீங்கள் உப்புத்தாள் கட்டத்தைத் தாண்டிக் குதித்திருக்கலாம். இரு பக்க விளிம்பையும் பெவலரால் சீவுங்கள். 220, 400, 600 என்று ஒரே திசையில் தேய்த்து வாருங்கள். சாயம் போடுவதென்றால் இப்போதே. பிறகு விரலால் தண்ணீர் தொட்டு ஓரத்தை ஈரமாக்குங்கள், சொட்டக்கூடாது. ஜீன்ஸ் துணியால் லேசாக, வேகமாகத் தேயுங்கள். சூடு ஏறும்போது ஓரம் கருத்து மின்னத் தொடங்கும். தண்ணீருக்குப் பதில் டோகோனோல் போன்ற பிசின் கலவையைத் தொட்டுத் தேய்த்தால் நார் இன்னும் சீக்கிரம் படியும். கடைசியில் தேன்மெழுகை உரசி மறுபடி ஒருமுறை.

அழுத்தம் அதிகமானாலோ தண்ணீர் அதிகமானாலோ ஓரம் பிதுங்கி இருபுறமும் விரிந்துவிடும். அதை வெட்டித்தான் சரிசெய்ய முடியும். மெழுகை முதலிலேயே தடவியவர்களுக்கு வேறு சிக்கல்: அதன்மேல் தண்ணீரும் சாயமும் இறங்காது. உப்புத்தாளால் மெழுகை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே கோடு தெரிகிறது என்று ஓரிருவர் எழுதியிருந்தார்கள். பசை ஓரம்வரை போகவில்லை. ஒட்டும்போதே கடைசி மில்லிமீட்டர்வரை தடவ வேண்டும்; பின்னால் எதைத் தேய்த்தாலும் அந்த இடைவெளி மூடாது.

கே: நனைத்த தோலில் திடீரென்று கருநீலப் புள்ளிகள். துடைத்தால் போகவில்லை. பூஞ்சையா?
— வாசகி, மதுரை

ப: பூஞ்சை இல்லை, இரும்பு. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரம் பட்டால் இரும்போடு சேர்ந்து கருப்பாகும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் உங்கள் மேஜையில் நடந்திருக்கிறது.

ஈரத் தோலின்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துவிட்டுப் போனீர்களா, பிளேடு தீட்டிய தூள் மேஜையில் கிடந்ததா என்று பாருங்கள். எலுமிச்சைச் சாற்றை வடிகட்டி, சம அளவு தண்ணீர் சேர்த்து, பஞ்சால் துண்டு முழுவதும் தடவுங்கள். புள்ளியில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். புள்ளி மறைந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். ரிவெட், பக்கிள் வாங்கும்போது பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். முலாம் பூசிய இரும்பு, முலாம் தேய்ந்ததும் இதே வேலையைச் செய்யும்.

கே: நானே செய்த பெல்ட் மூன்று மாதத்தில் இரண்டு துளை நீண்டுவிட்டது. வெட்டிக் குறைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

ப: குறைத்தால் இன்னும் நீளும். வயிற்றுப் பகுதியில் வெட்டியிருக்கிறீர்கள், அல்லது முதுகெலும்புக்குக் குறுக்காக வெட்டியிருக்கிறீர்கள். பெல்ட் வார் முதுகெலும்புக்கு இணையாக, அதை ஒட்டிய பகுதியிலிருந்து வர வேண்டும். கடையில் கேட்கும்போதே "பெல்ட் வாருக்கு, முதுகு, 3.5 மில்லி" என்று சொல்லுங்கள். 1.2 மீட்டர் நீளம் வேண்டியிருப்பதால் மாட்டுத்தோலும் எருமைத்தோலும்தான் தோது.

நீளக் கணக்கு: இப்போது கட்டும் பெல்ட்டில், பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் போடும் துளைவரை அளங்கள். அது 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கிளைச் சுற்றி மடிக்க 7.5 செ.மீ. நடுத்துளைக்கு அப்பால் இரண்டு துளைக்கு 5 செ.மீ., அதற்கு மேல் முனைக்கு 10 செ.மீ. மொத்தம் 112.5 செ.மீ. துளை ஐந்து, இடைவெளி 2.5 செ.மீ. இடுப்புச் சுற்றளவையோ பேன்ட் அளவையோ வைத்துக் கணக்குப் போட்டால் தப்பும். பேன்ட் அளவுச் சீட்டு உண்மை பேசுவதில்லை.

மடிப்புப் பகுதியைச் சதைப்பக்கமிருந்து, அதாவது சொரசொரப்பான அடிப்பக்கமிருந்து, பாதிக் கனத்துக்குச் சீவுங்கள். சீவாமல் மடித்தால் மேல்பக்கம் வெடிக்கும், பக்கிள் அருகே ஒரு மூட்டை போலவும் நிற்கும். மடிக்கும் முன் அந்த இடத்தை நனைத்துவிடுங்கள். சீவும் கத்தி, சவரக் கத்தி அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். தோல்வாரில் பச்சை பாலிஷ் கட்டி தடவித் தீட்டுங்கள். மொன்னைக் கத்தி சீவாது, தோலைப் பிடித்துக் கிழிக்கும்.

கே: மழைக்காலத்தில் தோல் முழுக்க வெள்ளையாகப் படிகிறது.
— வாசகர், நாகர்கோவில்

ப: எல்லா வெள்ளையும் பூஞ்சை இல்லை. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். மறைந்துவிட்டால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பும் மெழுகும் மேலே வந்து உறைந்தது. துணியால் தேய்த்தால் போதும். மறையாமல், முக்கல் வாடையும் அடித்தால் பூஞ்சை.

பூஞ்சை பிடித்ததை வெளியே எடுத்துப்போய்த் தூரிகையால் உதறுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, ஒரு மூலையில் சோதித்துவிட்டு, துணியில் தொட்டுத் துடையுங்கள். மின்விசிறிக் காற்றில் நிழலில் காயட்டும். வெயிலில் போட்டால் விறைத்து வளையும்.

தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் மூலகாரணம். மேல்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழுப்புத்தாளிலோ பருத்தித் துணியிலோ சுற்றி, சுவரை ஒட்டாமல் நிறுத்துங்கள். செய்தித்தாள் வேண்டாம். சாயம் போடாத தோலில் அச்சு மை ஏறி, தலைப்புச் செய்தியைத் திருப்பி வாசிக்கலாம்.

கே: தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

ப: தடவினால் கருக்கும், இளகும், அதிகமானால் கொழகொழத்துப் பூஞ்சைக்குத் தீனியாகும். நாளடைவில் சிக்கு வாடையும் வரும். தேன்மெழுகு கலந்த லெதர் கண்டிஷனரை வருடத்துக்கு இரண்டு முறை, துணியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும்.

கே: கருப்புச் சாயம் போட்ட பர்ஸ் வெள்ளைச் சட்டைப் பையைக் கெடுத்துவிட்டது.
— வாசகர், தஞ்சாவூர்

ப: ஸ்பிரிட் சாயத்தில் உள்ள நிறப்பொடி தேவைக்கு மேல் மேற்பரப்பில் தங்கியிருக்கிறது. சாயம் போட்டு ஒரு நாள் காயவிட்டு, சுத்தமான துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை. பிறகுதான் அக்ரிலிக் பூச்சு, தண்ணீர் சரிபாதி கலந்து, மெல்லியதாக இருமுறை. துடைக்காமல் பூச்சுப் போட்டால் பூச்சோடு சேர்ந்து நிறம் உரியும். பழகும் காலத்தில் சாயமே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. சாயம் போடாத வெஜ் டேன் வெளிச்சமும் கையும் பட்டுத் தானாகத் தேன்நிறம் ஏறும், அந்த நிறத்தைக் கடையில் வாங்க முடியாது.

கே: அடுக்குமாடியில் இருக்கிறோம். சுத்தியல் சத்தத்துக்குக் கீழ்வீட்டில் சண்டை.
— வாசகி, வேளச்சேரி

ப: சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு இருந்தால், அதன்கீழ் ரப்பர் மேட், அதன்மேல் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகை, இந்த மூன்றையும் மேஜைக்கால் இருக்கும் மூலையில் வையுங்கள். மேஜை நடுவில் அடித்தால் பலகை துள்ளும், சத்தமும் இரட்டிக்கும். கல்மீது உளியை நேராக அடிக்காதீர்கள், பல் ஒடியும். சத்தமே ஆகாதென்றால், உளியைக் கையால் அழுத்தித் தடம் மட்டும் போட்டு, குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளையுங்கள். மெதுவான வேலை, ஆனால் சண்டை இல்லை.

கே: முறையாகப் படிக்க எங்கே போவது?
— வாசகர், ராணிப்பேட்டை

ப: அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகமும் உள்ளன. அங்கு நோக்கம் பெரும்பாலும் தொழிற்சாலை உற்பத்தி. பொழுதுபோக்காகப் பழக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேட்டர்ன் வெட்டுதலை ஆழமாகக் கற்க விரும்பினால் விசாரித்துப் பாருங்கள்.

கே: நான்கு கார்டு ஹோல்டர் செய்துவிட்டேன். அடுத்து மடிப்புப் பர்ஸ். நம் ரூபாய் நோட்டுக்கு என்ன அளவு வைப்பது? இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் டாலருக்கானவை.
— வாசகர், திருச்சி

ப: 500 ரூபாய் நோட்டு 150 × 66 மி.மீ., 200 ரூபாய் 146 × 66, புதிய 100 ரூபாய் 142 × 66. உயரம் மூன்றுக்கும் ஒன்றே. அடித்தையலுக்கு 3, தளர்வுக்கு 5, மேலே ஒளிந்திருக்க ஒரு 6 என்று கூட்டினால் 80 மி.மீ. போதும். ஆனால் அட்டைப் பைகள் படிப்படியாக 12 மி.மீ. ஏறுவதால், பக்கத்துக்கு மூன்று பை வைத்தால் 90 மி.மீ. ஆகிவிடும். நீளத்தை முடிவு செய்வதும் நோட்டு அல்ல, அட்டைதான்: ஒரு பக்கத்துக்கு 96, இன்னொரு பக்கத்துக்கு 96, நடுவில் மடிப்புக்கு 12. உள்துண்டு 204 மி.மீ.

வெளித்துண்டை 204 வைத்தால் பர்ஸ் மூடாது, வாய் பிளந்து நிற்கும். வெளித்தோல் மடிப்பின் வெளிவட்டத்தைச் சுற்றி வர வேண்டும், அதற்கு 6 மி.மீ. கூடுதல்: 210. பக்கவாட்டுத் தையலைப் போடும்போது பர்ஸைப் பாதி மடித்த நிலையில் ஒட்டித் தைத்தால் இந்தக் கூடுதல் நடுவில் அடங்கிவிடும்.

கனம் வெளியே 1.2, உள்ளே 0.8. மூன்று அட்டைப் பைகளும் அடிவரை முழுத்துண்டாக வந்தால் அடித்தையலில் ஐந்து அடுக்கு சேர்ந்து 4.4 மி.மீ. ஆகும். ஆகவே முன்பையை மட்டும் முழுத்துண்டாக வைத்து, பின்னால் வரும் இரண்டையும் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் வெட்டுங்கள்: மேலே முழு அகலம், கீழே இரு பக்கமும் 8 மி.மீ. குறைவு. தையலில் மாட்டுவது அந்த மேல்பட்டை மட்டும். அட்டையின் உயரம் 54 மி.மீ. என்பதை மறக்காமல், 'டி' துண்டு ஒவ்வொன்றையும் அதன் அடி முன்பைக்குப் பின்னால் மறையும் மட்டத்தில் வைத்து, அடி ஓரத்தில் தனியாக ஒரு வரி தைத்துவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள். அந்த வரியை விட்டுவிட்டால் அட்டை நேராக உள்ளே இறங்கி, எடுக்க வராமல் மாட்டிக்கொள்ளும்.